கேள்வி நேரம்: பேஸ் கிட்டார்க்காரர் பதில்கள்

கேள்வி: உங்களை பேஸ் பக்கம் இழுத்த ஆல்பம் எது? கச்சேரி எது?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஆல்பம், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் செய்தது. அப்பா கேசட் போடும்போது வீட்டில் எல்லோரும் வி.எஸ். நரசிம்மனின் வயலினில் சொக்கிப்போவார்கள். எனக்கு மட்டும் அடியில் ஓடும் கனத்த சுரங்கள்மேல் கண். ட்ரெபிளை, அதாவது மேல் சுர ஒலியை, குறைத்துவிட்டுக் கேட்பேன், திட்டு விழும்.

கச்சேரி என்றால் 2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்து ஹெவி மெட்டல் ராக் குழு அயர்ன் மெய்டன். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது அக்கா. (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.) அவர்களின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் மேடை முன் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேல் ஒரு காலை ஊன்றி, பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டுவார். பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) கிடையாது, வெறும் விரல்தான். அந்தக் குதிரை ஓட்டத் தாளத்தை விரலாலேயே அவ்வளவு வேகமாக அடிக்கிறார்! அந்தக் குழுவைத் தொடங்கியவரும் அவர்தான், பாதிக்கு மேல் பாட்டு எழுதுபவரும் அவர்தான். பேஸ்காரன் ஓரமாக நிற்பவன் என்று நினைத்திருந்த எனக்கு அது போதும். மறுவாரமே பழைய பேஸ் ஒன்றை வாங்கித் தரச் சொல்லி மாமாவை நச்சரிக்க ஆரம்பித்தேன்.

கேள்வி: ராஜாவும் வேண்டும், மெட்டலும் வேண்டும் என்றால் பேண்டில் சண்டை வராதா?
– வாசகி, சிவாஜிநகர்

பதில்: வரும். டிரம்மர்தான் ஆரம்பிப்பார். பிரியாணி வந்ததும் முடிந்துவிடும்.