சாணி பிழியும் மெஷின்: 22 மாட்டுக்கு வாங்கலாமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் 22 கலப்பினப் பசுக்கள் வைத்துப் பால் ஊற்றுகிறேன். கட்டுத்தரையை ஓஸ் பிடித்துக் கழுவுவதால் சாணி, கோமியம், தண்ணீர் எல்லாம் ஒரே குழியில் சேருகிறது. ஐப்பசி மழையில் அது வழிந்து பக்கத்துத் தோட்டக்காரரோடு தகராறு. சாணியையும் தண்ணீரையும் தனியாகப் பிரிக்கும் மெஷின் இரண்டரை லட்சம், மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு பசுவுக்கு நாளைக்கு 15 கிலோ என்று வைத்தால் உங்களிடம் சேரும் சாணி 330 கிலோ. குழியை நிரப்புவது அதுவல்ல, ஓஸ் தண்ணீரும் மழையும்தான். ஓஸைத் திறக்கும் முன்பே சாணியை வழித்துத் தள்ளுவண்டியில் எருக்குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள். கூரையிலிருந்து இறங்கும் மழைநீருக்குத் தனி வாய்க்கால் வெட்டுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அந்த மெஷினில் சல்லடை உருளைக்குள் ஒரு ஸ்க்ரூ சுற்றும். பம்பு அனுப்பும் கரைசலை அது நெருக்கிப் பிழிய, நார் முன்னால் வந்து விழும், தண்ணீர் சல்லடை வழியே இறங்கும். பம்பு இழுக்க வேண்டுமென்றால் சாணி கரைந்திருக்க வேண்டும். வழித்தெடுத்த சாணியில் தண்ணீர் ஊற்றி, அதே தண்ணீரைப் பிழியக் கரண்டுக்குக் காசு கட்டுவானேன்? தண்ணீர் பாய்ச்சியே தரையைக் கழுவும் பெரிய பண்ணைக்கும், சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் ஸ்லரி என்ற சாணக் கரைசலுக்கும்தான் அது பொருத்தம். நீங்கள் 2,000 லிட்டர் ஊற்றிக் கழுவினாலும் அதற்குக் கால் மணி நேர வேலைகூட இல்லை.

பிறகும் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் குழிச் சரக்கையே கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிழிந்த சாணியிலும் முக்கால் பங்கு வரை ஈரம் இருக்கும். உடனே மூட்டை கட்டலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். 10,000 லிட்டர் என்பது உள்ளே போகும் கரைசலின் கணக்கா என்று கேளுங்கள். மண்ணும் மணலும் கலந்து வந்தால் சல்லடையும் ஸ்க்ரூவும் சீக்கிரம் தேயும். இந்த இரண்டும் வாரன்டியில் சேருமா என்பதை ஜிஎஸ்டி பில்லோடு எழுத்தில் வாங்குங்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கிய மெஷின் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம்.

பிரிந்து வரும் தண்ணீரைக் கழிவென்று ஓடையில் விட்டுவிடாதீர்கள். தழைச்சத்தில் கரைந்த பங்கும் சாம்பல் சத்தும் அதில்தான் இறங்கும். நல்ல தண்ணீர் கலந்து கோ-4 புல்லுக்குப் பாய்ச்சினால் தீவனமாகத் திரும்பி வரும்.

பம்பு அடைத்துக்கொண்டால் யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். தேங்கிய சாணியைக் கலக்கும்போது கிளம்பும் வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் பிழைப்பது அரிது.