குளத்துக்கு மேலே நிற்கும் காடு: வன்னியிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வடக்கே வன்னியில், கமக்காரருக்கான அரச அலுவலகங்களான கமநல சேவை நிலையங்களில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றும் குளத்து வேலை என்னை விட்டபாடில்லை. காணியையும் காட்டையும் ஊர்ச்சனமே காப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து: இங்கே ‘லேண்ட் ட்ரஸ்ட்’ என்று அமைப்புகள் உண்டு. காணியை வாங்கியோ தானமாகப் பெற்றோ காடாகவே விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வன்னியில் ஐம்பது ஏக்கர் வாங்கி அப்படிச் செய்யலாமா ஐயா?

எண்ணம் நல்லது. சிக்கல் வாங்குவதிலேயே தொடங்கும். அந்தப் பக்கத்தில் இது பழைய முறை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 1891இலேயே இதற்கென ஓர் அமைப்பு வந்துவிட்டது. வாங்காமலே காப்பதும் அங்கே உண்டு. காணி சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். துண்டு போடுவது, கட்டடம் கட்டுவது ஆகிய உரிமைகளை மட்டும் அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு காணியோடு சேர்ந்தே போகும். நம் நாட்டில் அப்படி உறுதி (காணிப் பத்திரம்) முடிக்கும் வழக்கம் இல்லை.

வன்னியில் பெரும்பகுதி அரச காணி. சனத்தின் கையில் இருப்பதில் பெரும்பாலானது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது. உறுதிக்காணி கிடைத்தாலும், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசை ஒருவருக்குக் கைமாற்ற இயலாது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை.

சரி, எல்லாம் பொருந்தி வந்து வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். பத்துப் பேரும் ரொறன்ரோவில். சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், யாரோ புல்லுக்கு வைத்த நெருப்பு உங்கள் ஐம்பது ஏக்கருக்குள் ஓடினால் அணைக்கப் போவது யார்? அந்த ஊர்ச்சனம்தான். அவர்களுக்கு அந்தக் காட்டால் ஏதும் ஆக வேண்டும். அதனால்தான் காணியை விட்டுக் குளத்தைப் பிடியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். தன் குளத்துக்குத் தண்ணீர் தரும் காட்டைத் தன் காடு என்று சொல்ல ஊருக்கு உறுதி தேவையில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து: குளத்துக்கும் மேலே உள்ள காட்டுக்கும் அப்படி என்ன தொடர்பு? மழை பெய்தால் குளம் நிறையத்தானே போகிறது?

நிறையும், தம்பி. எதனால் நிறைகிறது என்பதுதான் விஷயம். குளத்துக்குத் தண்ணீர் வரும் மேல்நிலத்தில், அதாவது நீரேந்து பகுதியில், பாலையும் வீரையும் முதிரையும் நின்றால் மழை இறங்கி மெல்ல ஊறி வரும். வெட்டை வெளியானால் மண்ணும் சேர்ந்து ஒரே ஓட்டமாக வரும். நம் சிறு குளங்கள் ஆழமில்லாதவை, பரந்தவை. ஓர் அடி வண்டல் படிந்தாலே குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில் சில ஏக்கர் குறைந்துவிடும்.

அடுத்தது அலைகரை, அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் மேல்பக்கத்து ஓரம். அங்கே நிற்கும் மருதும் நாவலும் சோளகக் காற்றைத் தடுக்கும். ஆடி, ஆவணியில் குளத்து நீரைக் குடிப்பது வெயில் மட்டுமல்ல, காற்றும்தான். அலைகரைப் புல்லும் பன்னும் (பாய் இழைக்கும் கோரை) வரும் வண்டலை வடித்துவிடும். இப்போது நடப்பது என்ன? நீர் வற்ற வற்ற அலைகரைக்குள் உழுது விதைக்கிறார்கள். அடுத்த மாரியில் அந்த உழுத மண் அப்படியே குளத்துக்குள் போய்விடுகிறது.

ஒரு குளம் நிறைந்தால் மிகைநீர் அதன் வான் (கலிங்கு) வழியே பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மேல்குளம் உடைத்தால் கீழ்க்குளமும் தாங்காது. இப்படித் தொடராகக் குளம் கட்டிய இலங்கை வறண்ட வலய முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. ஆனால் வயற்காரர் சேர்ந்த நம் கமக்கார அமைப்புகள் குளத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. மேல்குளத்தாரும் கீழ்க்குளத்தாரும் ஒரே பாயில் இருந்து பேசிய கூட்டங்களை நான் விரல் விட்டு எண்ணலாம்.

துணுக்காயிலிருந்து: காடு காடு என்கிறீர்கள். 2009க்குப் பிறகு ஊர் திரும்பிப் பார்த்தால் எங்கள் வயலே காடாகி நின்றது. வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கிறது. நாங்கள் யாரிடம் போவது?

உங்கள் கோபம் நியாயமானது. இடப்பெயர்வில் ஆண்டுக்கணக்காக விட்டுப்போன வயலில் மரம் வளராமல் என்ன செய்யும்? அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்தில் பழைய பதிவு, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, மானிய உரம் எடுத்த துண்டு, எதுவானாலும் சேருங்கள். பிறகு காணிக்குள் போய்ப் பாருங்கள்: பழைய வரம்பு, கிணற்றுக்கட்டு, வீட்டு அத்திவாரம், நட்ட புளியும் மாவும். படம் பிடித்து, கிராம அலுவலரைக் கூட்டிப் போய்க் காட்டி, எழுத்தில் கொடுங்கள். தனித்தனியாகப் போகாமல் ஒரு புலவுக்காரர் (ஒரே வயல்வெளிக்காரர்) எல்லாரும் ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பழைய வயல் என்ற பெயரில் ஒருநாளும் ஏர் படாத பெருங்காட்டை வெட்டி விற்றவர்களையும் நான் கண்டிருக்கிறேன். உண்மையான வயற்காரரின் வழக்கைக் கெடுப்பது இவர்கள்தான்.

நெடுங்கேணியிலிருந்து: இதையெல்லாம் விட, குளத்தைத் தோண்டி ஆழமாக்கினால் போதாதா?

எனக்கே விழுந்த அடியைச் சொல்கிறேன். குளத்தின் பெயர் வேண்டாம். தூர் வார இயந்திரம் வந்தது. குளக்கட்டுக்குக் கிட்டத் தோண்டினால் மண் ஏற்றுவது சுலபம் என்று அங்கேயே இறக்கினார்கள். ஓர் அப்பு வந்து நின்று, “தம்பி, களி முடிஞ்சு மணல் தெரியுது, நிப்பாட்டு” என்றார். நான் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேனே தவிர அவரைப் பார்க்கவில்லை. அந்த மாரியில் குளம் நிறைந்தது. தை முடிய முன்னரே அடியால் இறங்கிவிட்டது. அடிக்களிதான் குளத்தின் தோல். அதைக் கிழித்தால் தைக்க முடியாது. வண்டலை மட்டும் எடுங்கள், கட்டிலிருந்து தள்ளி எடுங்கள், எடுத்த மண்ணை அலைகரையில் குவிக்காதீர்கள்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளோடு கன்று நடுகிறோம். ஒன்றும் பிழைப்பதில்லை.

எப்போது நடுகிறீர்கள் தங்கச்சி? யூன் 5, சுற்றாடல் தினம் என்றால் அது நம் ஊரில் மண் வெடித்துக் கிடக்கும் காலம். ஐப்பசி மழை இரண்டு பெய்த பிறகு நடுங்கள். தேக்கு வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் தின்று துப்பும் விதையையே சேர்த்துப் பையில் போடுங்கள். பாலை மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். வெட்டிய அடிக்கட்டை உள்ள இடமானால் நடவே தேவையில்லை. இரண்டு மாரிக்கு மாடு போகாமல் பார்த்தால் தானே துளிர்க்கும்.

மல்லாவியிலிருந்து ஒரு பட்டிக்காரர்: மாடு போகாமல் என்றால் என் மாடுகள் எங்கே மேயும்?

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை அண்ணை. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தராமல் பட்டிக்காரரைக் குற்றம் சொல்வது பிழை. குளத்துக் கூட்டத்துக்கு உங்களையும், நன்னீர் மீன்பிடிச் சங்கத்தையும், பன் வெட்டிப் பாய் இழைக்கும் பெண்களையும் கூப்பிட வேண்டும். கமக்கார அமைப்பு என்பதால் வயல் உள்ளவர் மட்டுமே பேசுவது வழக்கமாகிவிட்டது. அலைகரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றை மூடி ஒன்றைத் திறந்துவிடுவது நடக்கக்கூடிய காரியம். ஆனால் எந்தத் துண்டு எப்போது என்று சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

செட்டிகுளத்திலிருந்து: ஆற்றில் இரவில் மணல் ஏற்றுகிறார்கள்.

அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். அனுமதி இல்லாவிட்டால் 119க்கு அறிவியுங்கள். மறுநாள் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போய் வாகனத்தை மறிக்க வேண்டாம்.

லண்டனிலிருந்து: காசு அனுப்ப விரும்புகிறோம். எதற்கு அனுப்பினால் பயன்?

முதலில் உங்கள் ஊர்க் குளம் யாருக்குக் கீழ் என்று கேளுங்கள். 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளமானால் கமநலத் திணைக்களம். பெரிது நீர்ப்பாசனத் திணைக்களம் அல்லது மாகாணத் திணைக்களம். அவர்களின் சம்மதத்தோடு அலைகரை எல்லையை அளந்து கல் நடக் கொடுங்கள். எல்லை தெரியாத அலைகரையில்தான் வேலி ஆண்டுக்கு ஒரு முழம் உள்ளே வருகிறது. அதற்குப் பிறகு நாற்றுப் பை, சோளகத்தில் நெருப்புப் பார்ப்பவருக்குக் கூலி. பெயர்ப்பலகைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். எங்கள் குளக்கட்டில் ஏற்கெனவே நாலு பலகை நிற்கிறது. மாடு முதுகு உரச அது தாராளம்.