வாசகர் கேள்வி: தாய்வீட்டை விட்டு வந்தபின் ஏன் இந்தக் கோபம்?

கேள்வி: கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காக, தாய்வீடு இருக்கும் திருக்கோவில் ஊரை விட்டு மட்டக்களப்பு நகரில் வாடகைக்கு இருக்கிறேன். முன்பில்லாத கோபம் இப்போது வருகிறது; பிள்ளைகளும் என்னிடம் ஒட்டுவதில்லை. குறை என்னிடம்தானா?

பதில்: இல்லை, சகோதரி. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மருமகன் அங்கே வந்து குடியேறும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக இருப்பதால், ஒரு தாயைச் சுற்றி அம்மம்மாவும் பெரியம்மா, சின்னம்மாமாரும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். நீங்கள் சோறு வடிக்கும் வேளையில் சின்னவனைக் குளிப்பாட்ட ஒருவர் கேட்காமலே வருவார். நீங்கள் இழந்தது அந்தக் கைகளை.

சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் ஆதரவை மன ஆறுதல், நேரடி உதவி, தகவல், நம் செயலை மதிப்பிட்டுச் சொல்லும் கருத்து என நான்காகப் பிரித்தார். கணவரின் தொலைபேசி அழைப்பு ஆறுதல் தரும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துத் தர அதனால் முடியாது. அந்தக் களைப்பு முதலில் உங்கள் குரலில் ஏறுகிறது, பிள்ளைகள் விலகுகிறார்கள், அந்த விலகல் களைப்பை இன்னும் கூட்டுகிறது.

ஆனால் எல்லா உறவும் ஆதரவாகிவிடாது. செய்த உதவிக்குக் கணக்கு வைத்து, வெளிநாட்டுப் பணத்தை விசாரிப்பவர் பாரத்தையே கூட்டுவார். பாடசாலை வாசலில் தினமும் காத்து நிற்கும் தாய்மாரில் நம்பிக்கையான ஒருவருடன், பிள்ளைகளை மாறிமாறி அழைத்துவரும் ஏற்பாட்டை இந்த வாரமே தொடங்குங்கள். தூக்கமும் கெடுகிறதென்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐத் தயங்காமல் அழையுங்கள்.