புது மாடல் வந்துவிட்டது, பழையதைக் கொடுத்துவிடலாமா?

தேனி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளின் மேலிருந்தும் கீழிருந்தும் வந்த கேள்விகள் இவை. கொச்சியில் பதினொரு ஆண்டு, தேனியில் பதினான்கு ஆண்டு என்று சொகுசு கார்களுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் எழுதுகிறேன். எந்த விற்பனை நிலையத்துக்கும் நான் வேண்டியவன் அல்லன். ஏலக்காய் விலை ஏறித் தோட்டக்காரர்கள் கையில் காசு புரளும்போதெல்லாம் என் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். இந்த முறையும் அப்படித்தான்.

அண்ணே, என்னுடையது 2019 மாடல் பென்ஸ் இ-220டி. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மலை இறங்கும்போது பின்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம், வேறு குறை இல்லை. புது இ-கிளாஸைப் பார்த்ததிலிருந்து மனம் அலைபாய்கிறது. சாந்தன்பாறையில் தோட்டம். மாற்றலாமா? (போடியிலிருந்து)

நீங்கள் எந்த இருக்கையில் உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லையே! என் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

2024 அக்டோபரில் இங்கே அறிமுகமான இந்த இ-கிளாஸ் பின் இருக்கைக்காரருக்காகவே வடித்தெடுத்த கார். ஆனால் நீங்கள் வைத்திருப்பதும் அதே நீள வகைதான். பழையதில் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3,079 மில்லிமீட்டர், புதியதில் 3,094. வித்தியாசம் பதினைந்து மில்லிமீட்டர். உங்கள் ஸ்டோரில் சலித்தெடுத்த எட்டு எம்.எம். ஏலக்காய் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அந்த அளவுகூட இல்லை. சாயும் பின் இருக்கை பழையதிலேயே உண்டு. டீசல் இன்ஜின் 194 குதிரைத்திறனிலிருந்து 197 ஆகியிருக்கிறது. 48 வோல்ட் மின் உதவி சேர்ந்திருப்பதால் நின்று கிளம்பும்போது இழுவை மென்மையாக இருக்கும், அதை மறுக்கமாட்டேன். மற்றபடி கண்ணுக்குத் தெரியும் மாற்றமெல்லாம் டேஷ்போர்டில்தான். முன்னால் உட்காரும் பயணிக்குக்கூடத் தனித்திரை வைத்திருக்கிறார்கள்.

இனி கணக்கு. அறிமுகத்தின்போது பெட்ரோல் இ-200 விலை 78.5 லட்சம், டீசல் 81.5 லட்சம். பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டு ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது 15 லட்சத்து 70 ஆயிரம். காப்பீடு தனி. இந்த வரிப்பணம் காரின் எந்த மூலையிலும் உட்காராது. நாளை விற்கப்போனால் திரும்பியும் வராது. உங்கள் பழைய காருக்கும் அன்றைய விகிதத்தில் ஒருமுறை கட்டி முடித்துவிட்டீர்கள். இப்போது இன்னொரு முறை.

அந்த ‘டக்’ சத்தம் பெரும்பாலும் பின் சஸ்பென்ஷன் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில் உள்ள ரப்பர்) அல்லது ஸ்டெபிலைசர் லிங்க் (அதே அமைப்பின் இணைப்புக் கம்பி). பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கும் காருக்கு 92,000 கிலோமீட்டரில் அது தேயாமல் இருந்தால்தான் வியப்பு. முதலில் அதை மாற்றுங்கள், நான்கு டயரையும் பாருங்கள், பிறகு ஒரு மாதம் ஓட்டுங்கள். ஆசை தானாக இறங்கிவிட்டதா, இன்னும் நிற்கிறதா என்று அப்போது தெரியும். சத்தம் போடும் காரை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது, பசியோடு சந்தைக்குப் போவதைப் போன்றது.

ஐயா, 2019 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுவது) வைத்திருக்கிறேன். புது கேம்ரியில் மைலேஜ் கூடுதல் என்கிறார்கள். பேட்டரி போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. நான் குமுளியில் மருத்துவர்.

டாக்டரம்மா, மைலேஜ் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பரிசோதனை எண்படி உங்களுடையது லிட்டருக்கு 23.27, 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு அறிமுகமான புதியது 25.49. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சமாவது 56 லிட்டர். லிட்டர் 105 ரூபாய் என்றே வைத்தாலும் ஆறாயிரத்தை எட்டாது. இதற்காக 48 லட்சம் என்பது நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கத் துணியாத மருந்துச் சீட்டு.

பேட்டரி பயத்தில் நியாயம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் விற்ற ஹைபிரிட்களுக்குத்தான் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் பேட்டரி உத்தரவாதம். உங்களுடையது அதற்கு முந்தையது. ஆனால் அந்த நிக்கல் பேட்டரி எளிதில் சாகும் சாதி அல்ல. அதைக் கொல்வது சூடு. பின் இருக்கையில் உட்கார்ந்து கீழே பாருங்கள், சின்னச் சல்லடை ஒன்று தெரியும். பேட்டரி மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான். போன மாதம் ஒரு கேம்ரி வந்தது. அந்தச் சல்லடையில் நாய் முடியும் ஏலக்காய் உமியும் பஞ்சு மெத்தைபோல் அடைந்து கிடந்தன. பிரஷ்ஷால் துடைத்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உரிமையாளரோ கார் மாற்ற முன்பணமே கட்டிவிட்டார். உங்களுடையதை இன்றே பாருங்கள். அந்த இடத்தில் பை, புடவை, குழந்தையின் போர்வை எதையும் போட்டு மூட வேண்டாம்.

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் நோக்கி இறங்கும்போது பாதியில் இன்ஜின் சத்தம் திடீரென்று கூடுகிறதா? அது பழுது அல்ல. இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால், வேகத்தைக் கட்டுப்படுத்த இன்ஜினைச் சுழற்றுவது இந்தக் கார்களின் வழக்கம். இதையே பழுது என்று சொல்லிக் காரை விற்றவர்கள் உண்டு.

புதிய கேம்ரியில் லித்தியம் பேட்டரி, காரின் மொத்தக் குதிரைத்திறன் 218-லிருந்து 230 ஆகியிருக்கிறது; நல்ல கார்தான். உங்களுடையது இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டிருந்தால் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதாமே, இதுதான் சமயம் என்கிறார்களே? (கம்பம்)

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம், செஸ் எனும் கூடுதல் வரி கிடையாது. முன்பு 1500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய செடானுக்கு 28-உம் செஸ் 20-உமாக 48 இருந்தது. 148 ரூபாய்ப் பொருள் 140 ஆயிற்று. விலையில் ஐந்தரை சதவீதம் அளவுக்கு இறக்கம். ஹைபிரிட்டுக்கு முன்பே 43தான் என்பதால் இறக்கம் இரண்டு சதவீதம் அளவே. ஆனால் தம்பி, புது கார் விலை இறங்கினால் உங்கள் வீட்டில் நிற்கும் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். விற்கவும் வாங்கவும் ஒரே நாளில் போகிறவருக்கு விளம்பரத்தில் தெரியும் லாபம் முழுதாகக் கிடைக்காது.

வீடு கம்பத்தில், தோட்டமும் ஒரு வீடும் வண்டன்மேட்டில். எந்த மாநிலத்தில் பதிவு செய்வது? நண்பர் புதுச்சேரியில் செய்யலாம் என்கிறார்.

கேரளத்தில் இருபது லட்சத்துக்கு மேல் 22 சதவீதம். 78.5 லட்சம் காருக்குத் தமிழ்நாட்டைவிட ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். கார் எங்கே தூங்குகிறதோ அங்கே பதிவு செய்யுங்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. புதுச்சேரிப் பேச்சே வேண்டாம். பொய் முகவரி கொடுத்து அங்கே பதிவு செய்த சொகுசு கார்களைக் கேரளத்தில் 2017-இல் தோண்டி எடுத்தபோது, யார் யார் வாசலில் போலீஸ் நின்றது என்று நாளிதழ்களில் எல்லோரும் படித்தோம்.

ஏலக்காய் வியாபார நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்குமா? (போடி)

சொந்த உபயோகக் காருக்குக் கிடைக்காது. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், அதுவும் வியாபாரத்துக்கு ஓடிய அளவுக்கு. வாங்கும்போது விற்பனையாளர் பிடிக்கும் 1 சதவீத டி.சி.எஸ். (முன்கூட்டி வசூலிக்கும் வரி) வருமான வரிக் கணக்கில் வரவாகும். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மீதியை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

புதிய நீள பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் மலைப்பாதைக்குச் சரிப்படுமா? வண்டிப்பெரியாறில் எஸ்டேட் பங்களா, வாசலில் மாடு நுழையாமல் இரும்புக் குழாய் பதித்திருக்கிறோம்.

தார் ரோட்டுக்குத் தாராளமாகச் சரிப்படும். உங்கள் வாசலுக்குத்தான் எனக்குச் சந்தேகம்.

பழைய 5 சீரிஸில் சக்கரங்களுக்கு இடையே 2,975 மில்லிமீட்டர். 2024 ஜூலையில் வந்த நீள வகையில் 3,105. காரின் மொத்த நீளம் 5,165. தரையிலிருந்து உயரம் ஒன்றாகவே இருந்தாலும், சக்கரங்கள் விலக விலக நடுவயிறு மேட்டில் சீக்கிரம் தட்டும். ஊஞ்சல் பலகையை நீளமாக்கினால் நடுவில் தொய்வது போலத்தான். பின்னால் மூன்று பேர், டிக்கியில் இரண்டு மூட்டை என்றால் இன்னும் மோசம்.

சோதனை ஓட்டத்துக்குக் காரை மதுரையில் நான்கு வழிச்சாலையில் ஓட்டிப் பார்ப்பதால் பயனே இல்லை. உங்கள் வாசலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வரமாட்டோம் என்றால் நாளை பழுது என்று அழைத்தாலும் வரமாட்டார்கள், அதுவும் ஒரு தகவல்தான். கார் வந்ததும் அடித்தகட்டில் நடுவிலும் முன் ஓரத்திலும் சாக்பீஸைத் தடவிவிட்டு, ஐந்து பேரை ஏற்றிக் குழாய் மேல் மெதுவாக விடுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடமே சாட்சி.

பங்களாவுக்குச் சனி, ஞாயிறு மட்டும் போகிறவர் என்றால், தார் ரோட்டுச் சந்திப்பு வரை காரில், அங்கிருந்து ஜீப்பில் என்ற தோட்டக்காரர்களின் பழைய ஏற்பாட்டை மாற்ற வேண்டாம்.

திரை பெரிதாக இருப்பது நல்லதுதானே? (சின்னமனூர்)

என் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். புதிதாக வடிவமைத்த ஒரு செடானை, முதல் தொகுதியிலேயே நானும் வாங்கினேன், எல்லாம் தெரிந்தவன் என்ற திமிரில். போடிமெட்டு ஏறும்போது நல்ல மூடுபனி. திரை இருண்டது. ஏ.சி. விசிறி, கண்ணாடிப் பனி நீக்கம் எல்லாம் அந்தத் திரைக்குள்தான். கண்ணாடி உள்ளே வியர்த்துவிட்டது. இடது கையில் துண்டு, வலது கையில் ஸ்டீயரிங், மனைவி கதவைத் திறந்து ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இரண்டு வளைவு தாண்டித்தான் ஒதுங்க இடம் கிடைத்தது. பாகம் வர இருபத்து மூன்று நாள். அன்றிலிருந்து புதிய வடிவம் எதுவாக இருந்தாலும் முதல் ஆண்டு வாங்காதீர்கள் என்கிறேன். பனி நீக்கும் பொத்தான் விரலுக்குத் தனியாகத் தட்டுப்படுகிறதா என்று கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கொச்சியில் 2017 மாடல் 5 சீரிஸ் மலிவாக வருகிறது. புதியதற்குப் பதில் இதை வாங்கலாமா? (கட்டப்பனை)

மலிவுக்குக் காரணம் கேட்டீர்களா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தக் கார் எங்கே நின்றது என்பதுதான் முதல் கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஓரடியில் மண் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்குரூ தலைகளில் துரு உண்டா என்று பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயரும் நான்கு வெவ்வேறு ஆண்டைக் காட்டினால், காசு பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். கேரளத்துக்குள்ளேயே என்பதால் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) அலைச்சல் உங்களுக்கு இல்லை. காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்புச் சேர்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் ஏறிய இன்ஜினைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. நீர் நின்ற ரோட்டில் கார் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அண்ணே, முதல் கேள்வி கேட்ட போடிக்காரன்தான். புஷ் மாற்றினேன், சத்தம் போய்விட்டது. காரை நானேதான் ஓட்டுகிறேன். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் புதியதையும் மேடு வரை ஓட்டிப் பார்த்தேன். “நம்முடையது மாதிரியே இருக்கிறது” என்றாள். ஆனால் மகன் விடமாட்டேன் என்கிறான்.

மகன் ஓட்டப்போகிறாரா, ஓட்டிக் காட்டப்போகிறாரா? மதுரைக்குத் தினம் போய்வருபவர் என்றால் அடுத்த ஆண்டு பேசுவோம், அதற்குள் முதல் தொகுதிக் குறைகளும் சரியாகியிருக்கும். இப்போதைக்கு கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள். 92,000 என்றீர்கள், மாற்றவில்லை என்றால் மழைக்கு முன் கொண்டுவந்து விடுங்கள். முன்பக்க பிரேக் பேடையும் அப்போதே பார்த்துவிடலாம்.