கண் சொருகும் மூன்று மணியும் மழைக்கால அண்டர்பாஸும்: ஓட்டுநர்கள் கேட்டவை

பெங்களூரில் 23 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். லாரி, டெம்போ டிராவலர், ஐ.டி. கம்பெனி கேப் எல்லாம் ஓட்டியாகிவிட்டது. இப்போது ஒரு டிராவல்ஸில் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி தூக்கத்தைப் பற்றியவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணே, எலக்ட்ரானிக் சிட்டியில் நைட் ஷிஃப்ட். மூன்று மணி டிராப் முடித்ததும் நாலரைக்கு அடுத்த பிக்கப். நடுவில் கண் சொருகுகிறது. கண்ணாடியை இறக்குவேன், பாட்டைச் சத்தமாக வைப்பேன், பாக்கு போடுவேன். வேறென்ன செய்யலாம்?

இந்த மூன்றும் தூக்கத்தைப் போக்காது தம்பி. தூக்கம் வருவது உங்களுக்கே தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். இரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தானாகவே அடங்கும் நேரம். பகலில் நன்றாகத் தூங்கியவனுக்கும் அப்போது இமை கனக்கும். கொட்டாவி வந்தால் அது முதல் எச்சரிக்கை. கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே ஞாபகம் இல்லையா, அப்போதே ஓரம் கட்டிவிடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி கண் மூடினால், கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை.

உங்களுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறதே, அதை வீணாக்காதீர்கள். வெளிச்சமான பெட்ரோல் பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு காபி குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து, அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழுந்திருக்கும்போது தூங்கிய பலனும் காபியின் பலனும் சேர்ந்து கிடைக்கும். அதற்கும் மேல் தூங்கினால் எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், உடனே வண்டியை எடுக்காதீர்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். புகை உள்ளே வந்து ஆளையே முடித்துவிடும்.

இதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது. துமகூரு ரோட்டில் நெலமங்களா தாண்டி ஒரு விடியற்காலையில் டெம்போவை மீடியனில் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, காலி வண்டி. ‘வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தானே’ என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம் சார்? கம்பெனிக்கு வண்டி விடும் எங்கள் வென்டர் ‘சொந்த விருப்பம்’ என்று சொல்லி 14 மணி நேரம் ஓட்ட வைக்கிறார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை அதில் இருந்த கணக்கு இது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி ஓய்வு, ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவில் குறைந்தது 9 மணி நேர இடைவெளி. அறுபது வருடத்துக்கு முந்தைய ரோட்டுக்கும் வண்டிக்கும் போட்ட கணக்கே இப்படி. ட்ரிப் ஷீட்டில் உண்மையான லாகின், லாகவுட் நேரத்தை எழுதுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ‘சொந்த விருப்பம்’ என்ற பேச்சு உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

வண்டிகளை அனுப்பும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கிலிருந்து ‘எங்கே இருக்கீங்க’ என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. ப்ளூடூத்தில் பேசினால் பரவாயில்லையா?

கை காலியாக இருந்தாலும் மனசு போனில்தானே இருக்கும்? வழி பார்க்க மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் என்று 2020ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். டேஷ்போர்டில் ஸ்டாண்ட் போட்டு மாட்டி, புறப்படும் முன்பே இடத்தைப் போட்டுவிடுங்கள். டெஸ்க்கிடம் ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்: வண்டி ஓடும்போது எடுக்க மாட்டேன், நின்றதும் நானே கூப்பிடுகிறேன் என்று. ஜி.பி.எஸ்ஸில் வண்டி அவர்கள் கண்ணெதிரேதான் நகர்கிறது. அப்புறமும் கேட்பது வெறும் பழக்கம்.

மழையில் அண்டர்பாஸில் தண்ணீர் நிற்கிறது. முன்னால் போன கார் தாண்டிவிட்டது. நாமும் போகலாமா?

போகாதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். தண்ணீரில் சிக்கிய கேப்பில் இருந்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். முன்னால் போன வண்டியின் உயரம் வேறு, அது போனபோது இருந்த தண்ணீர் வேறு. ஓரடித் தண்ணீரே சின்னக் காரை மிதக்க வைக்கப் போதும். அதற்கு முன்பே எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிடலாம்.

தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள், கரண்ட் போவதற்குள் கண்ணாடியை இறக்குங்கள், ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். கதவோடு மல்லுக்கட்டாதீர்கள், வெளியே இருக்கும் தண்ணீர் திறக்க விடாது. கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால் முன் கண்ணாடியை விட்டுவிடுங்கள். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். அதற்கென்றே சின்னச் சுத்தியல் விற்கிறது. வாங்கினால் டிக்கியில் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. மழை வந்ததும் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்களே, ஏன்? நீங்கள் லேன் மாறினால் பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஹெட்லைட் போதும்.

விபத்து நடந்தால் கூட்டம் அடிக்கும் என்று பயம். நிற்பதா, போவதா?

இந்தப் பயத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் அதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அங்கிருந்து விலகினால் நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளவே முடியாது. போகும்போதே 112க்கு அல்லது ஆம்புலன்ஸுக்கு 108க்குச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அது ஓடிப்போனதுதான்.

பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டுமா?

ஆமாம், சட்டப்படியே. பெல்ட் பக்கிளை சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருக்கும் அண்ணன்மார்கள் முதலில் அதை வெளியே எடுங்கள்.

பைக்கில் டெலிவரி செய்கிறேன் அண்ணா. சில்க் போர்டு பக்கம் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில் புகுந்துதான் போக வேண்டியிருக்கிறது.

பஸ், லாரியின் இடது பக்கம் டிரைவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத இடம். அவர் இடது பக்கம் ஒடித்தால் முன் சக்கரம் தாண்டிய இடத்தைப் பின் சக்கரம் தாண்டாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அங்கே நீங்கள் இருப்பீர்கள். கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்களையும் அவருக்குத் தெரியாது. பின்னாலேயே நில்லுங்கள், ஆர்டர் லேட்டானால் ஆகட்டும்.

நான் கம்பெனி அட்மின். லேட்டான ட்ரிப்புக்குப் பிடித்தம் வைத்தபிறகு எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள். ஆனால் வண்டியில் கீறலும் அதிகமாகிவிட்டது.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் போன 15 நிமிடத்தை டிரைவர் வேறு எங்கே எடுப்பார்? காலி ரோடு கிடைக்கும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரில்தான். பிடித்தத்தை எடுத்துவிட்டு, மழை நாளுக்கு ரோஸ்டரில் 20 நிமிடம் கூட்டிப் போடுங்கள்.

என் வீட்டுக்காரர் கேப் ஓட்டுகிறார். ராத்திரி பத்திரமாக இருக்கிறாரா என்று அடிக்கடி போன் செய்கிறேன். எடுக்காவிட்டால் பயமாக இருக்கிறது.

எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒவ்வொரு டிராப் முடிந்ததும் வண்டியை நிறுத்தி ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். அப்புறம், அவர் பகலில் தூங்கும்போது குக்கர் விசிலையும் காலிங் பெல்லையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.