500 ரூபாய் லோகோவோடு போட்டி போட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். இப்போது வீட்டிலிருந்தே லோகோ, லேபிள் வேலைகள் செய்கிறேன். மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் லோகோ கேட்டார். 8,000 ரூபாய் சொன்னேன். “ஃப்ளெக்ஸ் கடையில் 500 ரூபாய்க்கே போட்டுத் தருகிறார்களே” என்றார். பேசிப் பேசி 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். திருத்தம் மேல் திருத்தமாகப் போய், ஒருவழியாக முடிந்தது. இப்போது சி.டி.ஆர். ஃபைல் (கோரல்டிராவில் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்கிறார், பாட்டில் லேபிளையும் சேர்த்துச் செய்துதரச் சொல்கிறார். லோகோவுக்கு எப்படித்தான் விலை வைப்பது?

பதில்: ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் விற்பது ஃப்ளெக்ஸ், லோகோ அதோடு கொடுக்கிற கொசுறு. இணையத்தில் கிடைக்கும் ஓர் இலையையோ செக்கையோ எடுத்து, பக்கத்தில் பெயரை அடித்துக் கொடுப்பார். ஒரே தெருவில் வியாபாரம் செய்கிறவருக்கு அதுவே போதும். அப்படிப்பட்டவர் உங்களிடம் வந்தால் தாராளமாக அங்கேயே அனுப்பிவையுங்கள்.

உங்கள் சிக்கல் 500 ரூபாய் இல்லை. 8,000 சொல்லிவிட்டு அதே வேலையை 1,500க்குச் செய்ததுதான் சிக்கல். வேலையில் ஒன்றும் குறையாமல் விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேரம் பேசுவது நம் ஊரில் தப்பே கிடையாது. ஆனால் விலை இறங்கும்போதெல்லாம் வேலையிலும் ஏதாவது ஒன்று குறைய வேண்டும்.

அதற்கு முதலில் உங்கள் ஒரு நாளின் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் செலவு, கரன்ட், இணையம், மென்பொருள், அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்துவைப்பது, கொஞ்சம் சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,80,000. இதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிக்காதீர்கள். ஆடியில் புதுக்கடை திறப்பவர் குறைவு, மார்கழியும் அப்படித்தான். அதனால் பத்து மாதம் என்று பிரியுங்கள்: மாதம் 48,000. அந்த மாதத்திலும் 25 நாளும் காசு வரும் வேலை நடக்காது. விலை பேசுவது, அலைவது, பாக்கி கேட்பது எல்லாம் போக 16 நாள் கிடைத்தால் நல்லது. ஆக ஒரு நாளுக்கு 3,000 ரூபாய். உங்கள் தேவை வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் வழி இதுதான்.

கடைக்காரரிடம் பேசி, அதே பொருளை விற்கும் மற்ற பிராண்டுகளைப் பார்க்க அரை நாள், பென்சிலில் வரைந்து பார்க்க ஒரு நாள், கம்ப்யூட்டரில் கட்ட ஒரு நாள், திருத்தத்துக்கு ஒரு நாள், ஃபைல்களைத் தயாரிக்க அரை நாள். மொத்தம் நான்கு நாள், 12,000 ரூபாய். நீங்கள் முதலில் சொன்ன 8,000 கூட அதிகமில்லை. 1,500 என்பது அரை நாள் கூலி.

அவ்வளவு முடியாது என்கிறவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். சின்னம் வேண்டாம், எழுத்து மட்டும். ஒரே ஒரு மாதிரி, ஒரு முறை திருத்தம். இரண்டு நாளில் முடியும், 6,000 ரூபாய். தமிழ் எழுத்துக்கு முக்தா மலர், பலூ தம்பி, கேடமரன் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றிரண்டு எழுத்தின் சுழியை மாற்றி வரைந்தாலே தனி முகம் வந்துவிடும். 6,000க்கும் கீழே கேட்டால் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது திருத்தம். லாபம் ஒழுகிப் போவது பெரும்பாலும் இங்கேதான். “இரண்டு முறை திருத்தம்” என்று மட்டும் எழுதினால் போதாது. எல்லா மாற்றத்தையும் சேர்த்து ஒரே செய்தியில் அனுப்புவதுதான் ஒரு முறை என்று எழுதுங்கள். முடிவு சொல்கிறவர் யார் என்பதையும் முதல் நாளே கேளுங்கள். முதலாளி சரி என்ற பிறகு மச்சான் வருவார், அப்புறம் ஆடிட்டர் வருவார். கடைசியாக நியூமராலஜி பார்ப்பவர் ஆங்கிலப் பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்வார். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் எழுத்து கூடினால் லோகோவின் அமைப்பே மாறிப்போகும். பெயரின் எழுத்துக்கூட்டல், ராசியான நிறம் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய பின் பெயர் மாறினால் நாள் கணக்கில் தனிக் கட்டணம். “வெள்ளிக்கிழமை திறப்பு விழா” என்று புதன்கிழமை வருகிறவரிடம் கால் பங்கு கூடுதலாகக் கேட்கலாம். அவருக்காக இன்னொருவர் வேலையை நிறுத்திவைக்கிறீர்களே.

எல்லோருக்கும் ஒரே விலையா என்றால், இல்லை. பெயர்ப்பலகைக்கும் பில் புத்தகத்துக்கும் மட்டும் லோகோ வேண்டுகிற டீக்கடையும், நாலு மாவட்டத்து சூப்பர் மார்க்கெட் அலமாரிக்குப் போகிற எண்ணெயும் ஒன்றாக முடியாது. இரண்டாவது ஆளுக்கு ஒற்றை நிற வடிவம், மூடியில் பொறிக்கும் அளவுக்குச் சின்ன வடிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி வடிவம் எல்லாம் தேவை. அவர் டிரேட்மார்க் பதிவுக்கும் போவார். பதிவுக்காகப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறுதொழில் பதிவு உள்ளவருக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதே மாதிரி பெயரோ சின்னமோ ஏற்கெனவே பதிவாகி இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். வரையத் தொடங்குமுன் ஒரு மணி நேரம் அதைச் செய்யுங்கள், விலையிலும் சேருங்கள். கேன்வா என்ற டிசைன் செயலியின் ரெடிமேட் படத்தை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய முடியாது. அதே படம் ஆயிரம் பேரிடம் இருக்கும். 12,000 எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்கு நான் என்றால் 18,000க்குக் குறையாமல் கேட்பேன்.

உரிமை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத நீங்கள் வரைந்த லோகோவின் முதல் உரிமையாளர் பொதுவாக நீங்கள்தான். காசு கொடுத்ததாலேயே உரிமை கைமாறிவிடாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே முழுப் பணமும் வந்த பிறகு, “நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்” என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இதை வைத்து வாடிக்கையாளரை மிரட்ட வேண்டாம். 500 ரூபாய்க்குக் கிடைக்காத ஒரு பொருள் என்று காட்டுங்கள்.

பாதிப் பணம் முன்பணம். மீதி வரும்வரை தெளிவு குறைந்த படம் மட்டும், குறுக்கே உங்கள் பெயரோடு. ஜி.எஸ்.டி. பில் கேட்டால் குழம்ப வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை, பதிவில்லாமல் வரி வசூலிக்கவும் கூடாது. சாதாரண பில் கொடுங்கள். சொந்தக்காரருக்குக் குறைப்பதானாலும் பில்லில் முழு விலையை எழுதி, கழிவை அடுத்த வரியில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் அனுப்பிவைக்கும் அடுத்த ஆளும் அதே விலைதான் கேட்பார்.

சரி, எண்ணெய்க்காரருக்கு வருவோம். சி.டி.ஆர். ஃபைலை, எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக, அதாவது எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலும் மாறாத கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கிடையாது என்று முன்பே சொல்லாதபோது இப்போது மறுப்பது நியாயமில்லை. லேபிள் முற்றிலும் வேறு வேலை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, நிகர அளவு, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி என்று சட்டம் கேட்பவற்றை எல்லாம் இடம் பார்த்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: “அண்ணா, ஃபைல் அனுப்பிவிட்டேன். லேபிள் ஒரு அளவுக்கு 6,000 ரூபாய், கூடுதலாக வரும் ஒவ்வொரு பாட்டில் அளவுக்கும் 1,500. இரண்டு முறை திருத்தம். 3,000 முன்பணம் வந்த நாளிலிருந்து ஐந்து நாளில் தருகிறேன்.” விலை அதிகம் என்றால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மட்டும் இப்போது செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த 6,000ஐ மட்டும் குறைக்காதீர்கள்.