சட்னியில் கலந்த டீசல்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு சோட்டா ஹாத்தி, அதாவது சின்ன லோடு வண்டி, வைத்து ஓட்டுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு வாசி மார்க்கெட்டில் காய் ஏற்றினால் ஆறு மணிக்குள் நம் பக்கத்துக் கடைகளில் இறக்கிவிட வேண்டும். லோடு இறங்கியதும் வண்டியிலேயே உட்கார்ந்து மொபைலில் உங்கள் கட்டுரைகளைப் படிப்பது வழக்கம்.

போன மாதம் மழையைப் பற்றி எழுதியபோது, 'எண்ணெய் விலை ஏறினால்தான் உலகம் திருந்தும்' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். படித்ததும் சுருக்கென்றது. ஏறுகிற விலையெல்லாம் என் தலையில்தான் விடிகிறது. பாடாவை, அதாவது வண்டி வாடகையை, ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால் கடைக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். கொரோனா சமயத்தில் அமெரிக்காவில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது என்று டிவியில் காட்டினார்கள். அடுத்த ஜூனில் இங்கே டீசல் தினமும் ஏறியது. ரஷ்யாவிலிருந்து மலிவாக வாங்குகிறோம் என்றார்கள், பங்க்கில் எட்டணா குறையவில்லை. விலையை வைப்பது அரபிக்காரனா, அமெரிக்காக்காரனா, டெல்லியா? பேட்டரி டெம்போ வாங்கச் சொல்லி ஷோரூமிலிருந்து போன் மேல் போன். வாங்கலாமா? தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

எஸ்., தாராவி

அன்புள்ள தம்பி,

தப்பாக எழுதியது நான்தான். அந்த வரியை மாதுங்காவில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதினேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை, நாற்பது வருடமாக ரயில் பாஸ். என் கையால் ஒரு லிட்டர் டீசல் வாங்கியதில்லை. வாங்காதவனுக்கு விலை ஏறட்டும் என்று சொல்வது சுலபம்.

வாங்கியதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. எங்கள் தெருவுக்குக் காலையில் சைக்கிளில் இட்லி வரும். கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹாண்டில்பாரில் பாம் பாம் ஹாரன். உங்கள் தாராவியிலேயே அவித்து எடுத்து வருகிறார். 2022 மே மாதம் திடீரென்று அவருடைய சட்னி மாறியது. தேங்காய் ஒதுங்கிக்கொண்டு பொட்டுக்கடலை முன்னால் வந்து நின்றது. 'என்ன அண்ணாச்சி, சட்னி இப்படி?' என்றேன். 'கடை சிலிண்டர் ரெண்டாயிரத்து முந்நூறு ஆயிடுச்சு சார். தேங்காய் லாரி வாடகையும் ஏறிடுச்சு. இட்லி விலையை ஏத்தினா நீங்க வாங்குவீங்களா?' என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். அந்தக் கடை சிலிண்டரின் விலை, சவூதியில் மாதாமாதம் அறிவிக்கும் எரிவாயு விலையைப் பார்த்து நகர்வது. உக்ரைனில் விழுந்த குண்டு சவூதி வழியாக வந்து என் சட்னியில் விழுந்தது. வண்டியே இல்லாதவனும் டீசல் வாங்குகிறான், ரசீது மட்டும் கிடையாது.

சரி, பூஜ்யத்துக்குக் கீழே போன கதைக்கு வருகிறேன். இதை எனக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும், வாசியில் தினமும் பார்க்கிறவர். தக்காளி வரத்து மிதமிஞ்சிப்போன நாளில் அழுகுவதற்குள் இடத்தைக் காலி செய்யக் கூலி கொடுத்து அள்ளச் சொல்வார்களே, அதுதான் நடந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் வகை எண்ணெய்க்கு, மே மாதத்தில் எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே போடும் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலருக்குப் போனது. மறுநாள் ஒப்பந்தம் முடிகிறது. எண்ணெயைக் கையில் வாங்கியாக வேண்டும். ஒக்லஹோமாவில் குஷிங் என்ற ஊரிலுள்ள தொட்டிகளில் இடமில்லை. நாம் வாங்குவது அந்த எண்ணெய் அல்ல. நாம் வாங்குகிற கலவையின் விலை அந்த ஏப்ரலில் சராசரியாகப் பீப்பாய் 20 டாலர்.

இருக்கட்டும், அந்த 20 டாலரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். அன்றைய ரூபாய் மதிப்பில் கச்சா எண்ணெய் லிட்டர் பத்து ரூபாய்க்கும் குறைவு. தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். அந்தச் சமயம் பார்த்து, மே 5 ராத்திரி, மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதிமூன்று ரூபாயும் ஏற்றியது. மார்ச்சில் ஏற்கெனவே மூன்று ரூபாய் ஏற்றியிருந்தார்கள். எண்ணெய் மலிந்த லாபத்தில் வரியைக் கழித்துக்கொண்டதால் பங்க்கில் விலை அன்று மாறவில்லை. நமக்கும் தெரியவில்லை. இதற்கிடையே எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடுகள் ஏப்ரலில் கூடிப் பேசி, மே மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைத்துக்கொண்டன. கச்சா எண்ணெய் மேலே ஏறியது. ஜூனில் அந்த ஏற்றம் மட்டும் தவறாமல் உங்கள் டேங்குக்கு வந்து சேர்ந்தது. டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது. இறங்கும்போது வரி வாங்கிக்கொள்ளும், ஏறும்போது நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, அடிவிலையை ரியாத்தும் மாஸ்கோவும் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் அமெரிக்க ஷேல் கிணறுகளும் இழுத்துக்கொள்கின்றன. மேல்விலையை வைப்பது டெல்லி, அதற்கு மேல் நம் மந்த்ராலயா, அதாவது மகாராஷ்டிரத் தலைமைச் செயலகம்.

இந்த வரியின் உள்வயிற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2014-15-ல் பெட்ரோலியப் பொருட்களின் கலால் வரியில் மத்திய அரசுக்குக் கிடைத்தது சுமார் 99 ஆயிரம் கோடி. 2020-21-ல், ஊரடங்கில் வண்டிகள் பாதி நாள் ஓடாத வருடத்தில், 3.7 லட்சம் கோடி. 2021 பிப்ரவரியில் பெட்ரோலுக்கு இருந்த 32 ரூபாய் 90 காசு கலால் வரியில் அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது அந்த ஒன்று நாற்பதை மட்டும்தான். மிச்சமெல்லாம் செஸ், சர்சார்ஜ். அதாவது பந்தியில் வைக்காமல் அடுக்களையிலேயே ஒதுக்கிக்கொண்டது. மாநிலங்கள் சும்மா இருக்குமா? மகாராஷ்டிரத்தில் வறட்சிக்கு என்று பெட்ரோலில் ஒரு வரி வந்தது. மழை வந்தது, வரி போகவில்லை. நெடுஞ்சாலை மதுக்கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், அந்த நஷ்டத்தை ஈடுகட்டப் பெட்ரோலில் மூன்று ரூபாய் கூட்டினார்கள். குடிக்காதவன் வண்டியில் குடிகாரன் கணக்கை எழுதிய அரசாங்கத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தினசரி விலை நிர்ணயம் என்று 2017 ஜூனில் கொண்டுவந்தார்களே, அந்தத் 'தினசரி'க்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 137 நாள் விலை அசையவில்லை. நடுவில் உத்தரப் பிரதேசத் தேர்தல். முடிவு வந்து பன்னிரண்டாவது நாள் ஏற ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. ரஷ்ய எண்ணெய்க் கதையும் இதோடு சேர்ந்ததுதான். போருக்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட இல்லாதது, 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 2022-ல் கச்சா எண்ணெய் உச்சத்தில் இருந்தபோது எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்துக்கு விற்றன, அது உண்மை. அப்புறம் விலை இறங்கியபோது பழைய நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டன, அதுவும் உண்மை. 2023-24-ல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் லாபம் சேர்ந்து சுமார் 81 ஆயிரம் கோடி. அந்த வருடக் கடைசியில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, உங்களுக்கு இரண்டு ரூபாய் குறைந்தது.

இப்படி அரசாங்கத்தைத் திட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெயை அரசாங்கம் ஏன் இவ்வளவு பயத்தோடு பார்க்கிறது என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தார். என் சித்தப்பா அங்கே ஒரு கட்டட கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் வந்து, அங்கே முகாமில் கிடந்து, விமானத்தில் நம் சஹார் விமான நிலையத்தில் இறங்கினார். ஏர் இந்தியா மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அப்படிக் கொண்டுவந்தது. கூட்டிவரப் போனது நான். பன்னிரண்டு வருடச் சம்பாத்தியம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. இரண்டு சட்டை, ஒரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் குவைத் தினார். மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் அந்தத் தினாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நாடே இல்லையாமே, நோட்டை வெச்சு என்ன பண்றது?' என்று திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா சிரித்தார். ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் பீப்பாய் விலை இருமடங்குக்கு மேல் ஏறி 40 டாலரைத் தொட்டது. எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய டாலர் கூடியது, குவைத்திலிருந்து சித்தப்பாக்கள் அனுப்பிய டாலர் நின்றது. அடுத்த வருடம் நாட்டின் கையில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே அந்நியச் செலாவணி மிஞ்சியது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிருந்துதான் லண்டனுக்கு அடகு வைக்க அனுப்பியது. சித்தப்பா வெறுங்கையோடு வந்து இறங்கிய அதே விமான நிலையம். ஒரு குடும்பமும் ஒரு நாடும் ஒரே காரணத்துக்காக நகையை எடுத்த வருடம் அது. எங்கள் வீட்டில் போனது அம்மாவின் இரட்டை வடம்.

நம் கடலிலேயே எண்ணெய் இருக்கிறதே என்பீர்கள். 1974-ல் மும்பைக்கு மேற்கே கடலில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை தோண்டிக் கண்டுபிடித்தது. 80-களில் அது கைகொடுத்தது. இன்றைக்கு நாம் எரிப்பதில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வருகிறது.

இப்போது மழை. என்னை அப்படி எழுத வைத்தது அதுதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு தாராவிக்குள் வந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த ஒரு நாளை எண்ணெயின் கணக்கில் எழுத மாட்டேன், அதில் ஆற்றை மறித்துக் கட்டியவர்கள் பங்கும் உண்டு. ஆனால் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 1950 முதல் 2015 வரை மத்திய இந்தியாவில் பரவலாகக் கொட்டும் பேய்மழை மூன்று மடங்கானது, அரபிக்கடல் அனுப்பும் ஈரம்தான் அதற்குத் தீனி என்றார்கள். கடல் சூடாகிறது, நாம் எரிப்பதால்தான். விலை ஏறினாலும் நனைவது நீங்கள், ஏறாவிட்டாலும் நனைவது நீங்கள். இதே மும்பையின் மாஹுலில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள், பக்கத்திலேயே நிலக்கரி எரிக்கும் மின்நிலையம். ஜன்னலைத் திறந்தால் தொண்டையில் ஒரு தித்திப்பு நாற்றம் இறங்கும். அங்கே குடியேற்றப்பட்டவர்கள் வழக்காடி, 2019-ல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு வேறு வீடோ வாடகைப் பணமோ கொடுக்கச் சொன்னது. நண்பர் இன்னும் அங்கேதான்.

ஆகவே என் வரியைத் திருத்தி எழுதுகிறேன். எண்ணெயை எரிப்பதற்கு விலை இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அந்த விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் எழுத விட்டுவிட்டேன். 2014-15 பொருளாதார ஆய்வறிக்கையே, பெட்ரோல், டீசலுக்கு ஏற்றிய கலால் வரியைக் கார்பன் வரி என்று பெருமையாகக் கணக்குப் போட்டுக் காட்டியது. கார்பன் வரி என்றால் சரி. ஆனால் அந்தப் பணம் எரிக்காமல் போய்வர ஒரு வழியைக் கட்ட வேண்டும். இந்த ஊரில் என்ன நடந்தது? 2010 வாக்கில் நகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட்டுக்கு நான்காயிரத்து ஐந்நூறு பேருந்துகளுக்கு மேல் இருந்தன. 2025-ல் மூவாயிரத்துக்கும் கீழே. அந்த வருடம் மே மாதம் குறைந்தபட்சக் கட்டணத்தை ஐந்திலிருந்து பத்தாக்கினார்கள். வரி கொடுத்தும் பேருந்து இல்லாதவன் கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்குகிறான், மறுபடி வரி கொடுக்கிறான். இத்தனைக்கும் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் 1925-லேயே ஓடிய ஊர் இது.

பேட்டரி டெம்போ விஷயம். நான் வாங்கலாம் என்று சொன்னால் மறுபடி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சொன்னதாகிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் பேட்டரி மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறார். ஓட்டும் செலவு பாதிக்கும் கீழே என்கிறார். ஆனால் அவருக்குச் சொந்தமாக ஒரு காலாவும், அதாவது கடையறையும், அதில் மீட்டரும் இருக்கிறது. உங்கள் சந்தில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், ராத்திரி யார் மீட்டரிலிருந்து வயர் இழுப்பீர்கள்? ஷோரூம்காரர் சொல்லும் கிலோமீட்டர் காலி வண்டிக்கா, முழு லோடோடு வாசி பாலம் ஏறுவதற்கா? ஜூலைத் தண்ணீரில் பாட்டரிப் பெட்டி முழங்கால் அளவு முழுகினால் வாரண்டி உண்டா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டெஸ்ட் டிரைவ் தருகிறேன் என்றால் பகலில் வேண்டாம், வாசியிலிருந்து லோடோடு விடியற்காலையில் கேளுங்கள்.

அந்த நாளில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் சொல்லுங்கள். மூன்று மணிக்கு மார்க்கெட் வாசலில் நிற்கிறேன். தேங்காய் என்ன விலை என்று நானும் நேரில் பார்த்துக்கொள்கிறேன்.